நேம் பிளேட் இல்லாத மெஷின்

காலை நடையில் என்னோடு வரும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "சார், பேரனுக்கு லேப்டாப் வாங்கணும். கேம் ஆடணுமாம், படம் பாக்கணுமாம், காலேஜ் வேலையும் செய்யணுமாம். எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு. நீங்கதான் 2024ல வாங்கினீங்களே, எந்தக் கம்பெனி நல்லது?"

"கம்பெனியை விடுங்க. பையன் என்ன ஆட்டம் ஆடுறான்னு முதல்ல கேளுங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அதை நாமளே கேக்கணுமா சார்? படிக்கிற பையன்!" என்றவர், டீக்கடை வரும்வரை வேறு ஒன்றும் பேசவில்லை. அவருக்கு நடுவழியில் நின்று விளக்கிச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். அந்தக் காரத்தில் பாதி எனக்கே உரியது.

நான் மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்து 2012ல் ஓய்வு பெற்றவன். எங்கள் தொழிலில் முதல் பாடமே நேம் பிளேட் பார்ப்பதுதான். டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கினால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க மாட்டோம். உடம்பில் பதித்திருக்கும் தகட்டைத் துடைத்துப் படிப்போம். 63 கே.வி.ஏ.வா, 100 கே.வி.ஏ.வா? எத்தனை வீட்டுக்கும் எத்தனை மோட்டாருக்கும் இணைப்புக் கொடுக்கலாம் என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். தகடு இல்லாத ஒரு சாமானுக்கு நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

அப்படிப்பட்டவன் 74,000 ரூபாய் கொடுத்து, வாட் எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

2024 ஆகஸ்ட் மாதம். மகள் வயிற்றுப் பேரனுக்குக் கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருந்தது. லேப்டாப் தாத்தா செலவு என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்காகவே ஒரு பிக்சட் டெபாசிட்டைப் புதுப்பிக்காமல் எடுத்து வைத்திருந்தேன். திருச்சியில் ஒரு பெரிய கடைக்கு இருவரும் ஆட்டோவில் போனோம். போகும்போது அவனிடம் சொன்னேன்: "கடையில போய் கேம் கீம்னு ஆரம்பிக்காதே. படிப்புக்குன்னு சொல்லு, போதும்."

"சரி தாத்தா" என்றான்.

கடையில் ஒரு இளைஞர் வந்து, "என்ன யூஸுக்கு சார்?" என்று கேட்டார். "படிப்புக்குத்தான் தம்பி. ஆட்டோகேட் போடணும். கொஞ்சம் படம் கிடம் பார்ப்பான்" என்று நானே பதில் சொன்னேன். அவர் பேரனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு மெல்லிசாக, அழகாக ஒன்றை எடுத்து வைத்தார். கை வைக்கும் இடத்தில் மூன்று ஸ்டிக்கர்கள். "பிராசசர் பாருங்க சார், தனி கிராபிக்ஸ் பாருங்க சார், 144 ஹெர்ட்ஸ் திரை பாருங்க சார். இதுல எல்லாமே பண்ணலாம்." பேரன் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டபடி நின்றிருந்தான். "அந்தப் பக்கம் கனமா ஒண்ணு இருக்கே, அதையும் பாக்கலாமா தாத்தா?" என்று ஒரு தடவை கேட்டான். "அது எதுக்குடா, செங்கல் மாதிரி!" என்றேன். பில் போட்டாயிற்று.

பொங்கல் லீவுக்கு வந்தபோது விடுதி நண்பன் ஒருவனையும் கூட்டி வந்திருந்தான். அந்தப் பையனிடம் அதே செங்கல் வகையறா ஒன்று. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரே கார் ரேஸ் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள். நண்பனின் திரையில் கார் தண்ணீர் மாதிரி ஓடியது. நம் பையன் திரையில் திக்கித் திக்கி. ஒரு விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று மூலையில் ஓர் எண் ஓடும். அங்கே 90ஐ ஒட்டி நின்றது. இங்கே 60ஐத் தொடவில்லை.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டு மெஷினின் ஸ்டிக்கரையும் பார்த்தேன். கிராபிக்ஸ் சிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

"ரெண்டும் ஒரே சிப்புதானேடா?"

"பேருதான் ஒண்ணு தாத்தா. வாட் வேற."

வாட்! என்னிடமா சொல்கிறான்? மேஜைக்கு அடியில் குனிந்து இரண்டு அடாப்டரையும் எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். எங்களுடையதில் 20 வோல்ட், 6 ஆம்ப். பெருக்கினால் 120 வாட். நண்பனுடையதில் 20 வோல்ட், 10 ஆம்ப். 200 வாட். எங்கள் 120 வாட்டில்தான் பிராசசர், திரை, விசிறி, பேட்டரி சார்ஜ் எல்லாம் ஓடி, மீதி கிராபிக்ஸுக்குப் போக வேண்டும். பேரன் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். எங்கள் சிப்புக்கு அனுமதித்த உச்ச வரம்பு 45 வாட். நண்பனுடையதற்கு 95. ஒரே பெயர்ப் பலகையின் கீழ் அரை எச்.பி. மோட்டாரையும் ஒரு எச்.பி. மோட்டாரையும் விற்றிருக்கிறார்கள்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "ஏங்க, மிக்ஸி வாங்குறப்ப 500 வாட்டா 750 வாட்டான்னு கடைக்காரனை நாலு தடவை கேட்டீங்களே!"

கேட்டேன்தான். மூவாயிரம் ரூபாய் மிக்ஸியின் பெட்டியில் வாட் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. போர்வெல் மோட்டாரில் எச்.பி. இல்லாமல் விலையே பேச முடியாது. முக்கால் லட்சம் ரூபாய் மெஷினின் விலை அட்டையில் மட்டும் அந்த எண் இல்லை. இதுதான் என் முதல் சண்டை.

இது என் மெஷினோடு முடிகிற விஷயமல்ல. அந்த லீவு முடிவதற்குள் பேரனை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4050 லேப்டாப் சிப்புக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை. 4060க்கும் அதேதான். ஒன்றுக்கு மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம், பெயர் ஒன்று. இவற்றுக்கு முந்தைய தலைமுறைகளில் குறைந்த வாட் சிப்புக்கு மாக்ஸ்-கியூ என்று ஒரு வாலாவது ஒட்டியிருந்தது. 2021க்குப் பிறகு பெயரில் அந்த வாலும் போய்விட்டது. மேஜைக் கணினியின் பெயரையே லேப்டாப்புக்கும் வைப்பது இன்னொரு வேலை. மேஜைக் கணினிக்கான 4070 அட்டையில் 12 ஜி.பி. நினைவகம். லேப்டாப் 4070ல் 8 ஜி.பி.தான்.

இன்டெல்லுக்கு வாருங்கள். ஐ7 என்றால் ஐ5ஐவிட உசத்தி என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஐ7-1255யு என்ற பிராசசரின் அடிப்படை அளவு 15 வாட். அதில் பெரிய கோர் இரண்டுதான், மற்ற எட்டும் சின்னவை. ஐ5-12450எச் என்பது 45 வாட், பெரிய கோர் நான்கு. நீண்ட நேரம் பளு தூக்க வேண்டிய வேலைக்கு அந்த ஐ5தான் கெட்டி. விஷயம் கடைசி எழுத்தில் இருக்கிறது. ஸ்டிக்கரில் பெரிதாகத் தெரிவதோ ஏழும் ஐந்தும்.

ஏ.எம்.டி. மட்டும் என்ன வாழ்ந்தது? ரைசன் 5 7520யு என்று ஒன்று. 7000 வரிசை, கேட்கப் புத்தம் புதிதாக இருக்கிறது. உள்ளே இருப்பது 2019ல் வந்த ஜென் 2 என்ற வடிவமைப்பு. அதே 7000 வரிசையில் 7640 என்றால் உள்ளே ஜென் 4. மூன்றாவது இலக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஜாதகம் பார்ப்பது இதைவிடச் சுலபம்.

இவை எதுவும் பொய் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் அவரவர் இணையப் பக்கத்தில் எழுதித்தான் இருக்கிறது. சில லேப்டாப் கம்பெனிகள் கிராபிக்ஸ் வாட்டையும் அங்கே போடுகின்றன. ஆனால் டிரான்ஸ்பார்மரை ஊருக்கு அனுப்பிவிட்டு, தகட்டை மட்டும் தலைமை அலுவலக பீரோவில் வைத்திருந்தால் எங்கள் லைன்மேன் என்ன செய்வார்? தகடு மெஷின் மேல் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் கடையின் விலை அட்டையில் இருக்க வேண்டும்.

"குறைந்த வாட் என்றால் மட்டமா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. 45 வாட் மெஷின் மெல்லிசாக இருக்கும், சூடும் விசிறிச் சத்தமும் குறைவு, தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். அது தெரிந்து, அதற்காகவே வாங்குபவர் புத்திசாலி. 95 வாட் மெஷின் அடாப்டரோடு சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். அதிலும் செருகியிருந்தால்தான் முழு வேகம். பேட்டரியில் ஆடினால் அது தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இரண்டுமே நியாயமான சரக்குதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, வித்தியாசத்தை வாயே திறக்காமல் விற்பதுதான் அநியாயம்.

படம் பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன். 144 ஹெர்ட்ஸ் திரை என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாரே, சினிமா ஓடுவது விநாடிக்கு 24 படம். 144 என்பது ஆட்டத்துக்கு உதவும். சினிமாவுக்கு அதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. படம் பார்க்க வேண்டியது நிறமும் வெளிச்சமும். எங்கள் மெஷினின் விவரத் தாளில் என்.டி.எஸ்.சி. 45 சதவீதம், 250 நிட்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்தது. நிறத்தில் பாதி கணக்கிலேயே இல்லை என்பதைத்தான் இப்படிக் கௌரவமாகச் சொல்கிறார்கள். என் மனைவி அதில் தில்லானா மோகனாம்பாள் போடச் சொல்லிப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பத்மினி புடவையைச் சாயம் போகத் துவைச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம், 300 நிட்ஸுக்கு மேல் என்று கேட்டு வாங்கியிருந்தால் புடவை பிழைத்திருக்கும்.

வேலை என்பதிலும் இதே கதைதான். 16 ஜி.பி. ரேம் என்பார்கள். அது கழற்றி மாற்றக்கூடியதா, போர்டிலேயே பற்றவைத்ததா என்று சொல்ல மாட்டார்கள். 8 ஜி.பி. ஒற்றைத் துண்டாகப் போட்டால், இரண்டு துண்டாகப் போட்டதைவிட மந்தம் என்றும் சொல்ல மாட்டார்கள். 512 ஜி.பி. இடம் தாராளம் என்பார்கள். பெரிய ஆட்டம் ஒன்றே 100 ஜி.பி.க்கு மேல் விழுங்கும். இன்னொரு எஸ்.எஸ்.டி. செருக உள்ளே இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆக, "எல்லாமே பண்ணலாம் சார்" என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் நாம் விழுகிறோம். எல்லாம் செய்யலாம், எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நன்றாகச் செய்யாது. ஒரே விலைக்குள் ஆட்டத்துக்குக் கூடக் கொடுத்தால் திரையிலோ எடையிலோ குறையும். திரைக்குக் கொடுத்தால் கிராபிக்ஸில் குறையும். எது முதல், எது இரண்டாவது, எது மூன்றாவது என்று வாங்குகிறவர் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் என் இரண்டாவது சண்டை வருகிறது. அது நம்மோடுதான், என்னைப் போன்ற பெரியவர்களோடு.

அன்று அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டே பேரனிடம் கேட்டேன். "இந்த வாட் விஷயம் உனக்கு எப்படா தெரிஞ்சது?"

"வாங்குறதுக்கு முன்னாடியே தெரியும் தாத்தா. கேக்க வேண்டியதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிப் பாக்கெட்ல வச்சிருந்தேன்."

"ஏன்டா வெளியில எடுக்கல?"

"கேம் பத்திப் பேசக் கூடாதுன்னு ஆட்டோவுலயே சொல்லிட்டீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அந்தக் கடையில் மொத்தம் மூன்று பேர் நின்றோம். பையன் ஆடுவான் என்பது மூன்று பேருக்குமே தெரியும். நான் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். அவனைச் சொல்ல விடவும் இல்லை. கடைக்காரருக்கு அந்தக் கூச்சம் போதுமானதாக இருந்தது. கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆளின் வாயை நானே கட்டிக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். வாட்டை அவர்கள் மறைத்தார்கள் என்று திட்டுகிறேனே, அதற்கு முன்பே உபயோகத்தை நான் மறைத்துவிட்டேன். லோடு எவ்வளவு என்று சொல்லாதவனுக்கு எந்த டிரான்ஸ்பார்மரை வைத்துக் கொடுப்பது?

ஆட்டம் என்றால் நமக்கு ஏன் இவ்வளவு வெட்கம்? மின்வாரியக் குடியிருப்பு மனமகிழ் மன்றத்தில் ராத்திரி பத்து மணி வரை கேரம் ஆடியவன் நான். ஸ்ட்ரைக்கர் என் சொந்தச் செலவு. நல்ல வழுவழுப்பாக, சரியான எடையில் வேண்டுமென்று நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். அதை "அலுவலக உபயோகத்துக்கு" என்று சொல்லி வாங்கவில்லை. யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. என் பேரன் மட்டும் ஆட்டத்தை ஆட்டோகேடுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டுமாம்.

"அப்படியானால் ராப்பகலாக ஆடட்டும் என்கிறீர்களா?" என்று நண்பர் கேட்பார். இல்லை. எவ்வளவு நேரம் என்பது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது. அதைத் தவறான மெஷின் வாங்கிக் கொடுத்துத் தீர்க்க முடியாது. திக்கித் திக்கி ஓடுகிறது என்பதற்காக எந்தப் பையனும் ஆட்டத்தை விட்டதாக நான் பார்க்கவில்லை. நம் பணம் போனதுதான் மிச்சம். பையன் ஒன்று கற்றுக்கொள்கிறான்: தாத்தாவிடம் காரியம் ஆக வேண்டுமானால் பொய்க்காரணம் சொல்ல வேண்டும். 74,000 ரூபாய்க்கு நான் கற்றுக்கொடுத்தது அதுதான் என்று நினைக்கும்போது, அந்த 45 வாட் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கீழே இருப்பது என் சரக்கு அல்ல, அவனுடையது. எழுத்து மட்டும் என்னுடையது.

1. கிராபிக்ஸ் சிப்புக்கு உச்ச வாட் எத்தனை? கடைக்காரர் முழித்தால், காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே இருக்கும்.

2. அடாப்டர் எத்தனை வாட்? வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்குங்கள்.

3. பிராசசர் பெயரின் கடைசி எழுத்து யுவா, எச்சா?

4. திரைக்கு எஸ்.ஆர்.ஜி.பி. எத்தனை சதவீதம், எத்தனை நிட்ஸ்?

5. ரேம் எத்தனை துண்டு, மாற்ற முடியுமா? இன்னொரு எஸ்.எஸ்.டி.க்கு இடம் உண்டா?

6. அடாப்டரோடு சேர்த்து எடை எவ்வளவு?

ஆறு கேள்விதான். ஆடப் போவது வாலரன்ட் மாதிரி லேசான ஆட்டம் மட்டும் என்றால் முதல் இரண்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். தனி கிராபிக்ஸ் இல்லாத மெஷினிலேயே அது ஓடும். மிச்சமாகும் பணத்தை நல்ல திரைக்குக் கொடுங்கள். பெரிய ஆட்டங்கள் என்றால் முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். எந்த ஆட்டம் என்பதைப் பையனைக் கேட்டால்தான் தெரியும். அதனால்தான் நண்பரிடம் அதை முதல் கேள்வியாகச் சொன்னேன்.

பேரன் அந்த மெஷினை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறான். மாற்றித் தருகிறேன் என்றதற்கு, "ஆட்டோகேட் நல்லா ஓடுது தாத்தா, இதுவே போதும்" என்கிறான். உண்மையாகச் சொல்கிறானா, எனக்காகச் சொல்கிறானா என்று தெரியவில்லை. தெரியாமல் போனது என் தப்புதான்.

நண்பரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். கடைக்குப் போகும்போது பேரனைக் கூட்டிக்கொண்டு போங்கள். "என்ன யூஸுக்கு சார்?" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவன் சொல்லட்டும்.